வராத பல்லின் அளவு

எனக்குச் சட்டென்று கோபம் வரும். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மகளின் பல் விவகாரத்தில் ஆரம்பத்திலிருந்து கடைசிவரை நான் கடுகடுவென்றுதான் இருந்தேன். பல் டாக்டர் மேல் கோபம், எக்ஸ்ரே எடுத்தவர் மேல் கோபம், வீட்டுக்காரரைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். அத்தனை கோபத்துக்கும் காரணம் ஒன்றுதான். என் மகளின் வாயில் இன்னும் முளைக்கவே முளைக்காத பற்கள் எவ்வளவு பெரிதாக இருக்கும் என்று ஆளாளுக்குச் சொன்னார்கள். அதை நம்பி முளைக்கப்போகும் நான்கு நல்ல பற்களைப் பிடுங்குவதா வேண்டாமா என்று நாங்கள் முடிவு செய்ய வேண்டியிருந்தது.

மகள் அப்போது நாலாம் வகுப்பு. கீழ்வரிசை முன்பற்கள் நான்கும் முளைத்து நின்றன. நின்றன என்று சொல்வதைவிட, கொள்ளேகால் பஸ்ஸில் ஏறுகிறவர்களைப்போல இடித்துக்கொண்டு முண்டியடித்தன என்றுதான் சொல்ல வேண்டும். ஒன்று குறுக்கே திரும்பியிருந்தது, இன்னொன்று பின்னால் ஒளிந்திருந்தது. பள்ளிக்கூடத்தில் பல் பார்க்க வந்தவர்கள் குழந்தைகளுக்கென்று இருக்கும் பல் டாக்டரிடம் காட்டச் சொல்லி அனுப்பியிருந்தார்கள். காட்டாவிட்டால் நாளைக்கு அவளே என்னைக் கேட்பாள் என்று பயந்து கூட்டிப் போனேன்.

டாக்டர் என்னைவிடச் சின்னவர். அவர் வீட்டிலும் தமிழ்தான், மைசூரிலேயே பிறந்து வளர்ந்தவர். என் தமிழைக் கேட்டதும் கன்னடத்தை விட்டுவிட்டுத் தமிழுக்கு வந்துவிட்டார். நானும் இந்த ஊரில் பிறந்தவள்தான். என் தமிழில் பாதி கன்னடம் என்று என் வீட்டுக்காரர் கிண்டல் செய்வார். அவர் ஹனூர்ப் பக்கம் விவசாயக் குடும்பம், இங்கே சென்ட்ரிங் வேலைக்கு ஆட்களை வைத்து நடத்தும் மேஸ்திரி. நான் மண்டி மொஹல்லாவில் ஒரு டைல்ஸ் கடையில் பில் போடுகிறேன்.

முதல் நாள் மகளின் வாய்க்குள் இளஞ்சிவப்பு நிறப் பசையை அப்பி அச்சு எடுத்தார்கள். அவளுக்குக் குமட்டல் அதிகம். டாக்டரின் வெள்ளைக் கோட்டின்மேல் காலையில் சாப்பிட்ட உப்பிட்டு முழுவதும் வந்துவிட்டது. டாக்டர் சிரித்துக்கொண்டே துடைத்தார். எனக்குத்தான் அவமானமாக இருந்தது. அடுத்த முறை போனபோது அந்த அச்சில் வார்த்த வெள்ளை மாவுப் பல்வரிசை மேஜைமேல் உட்கார்ந்திருந்தது. மகளின் வாயை அவளில்லாமல் தனியாகப் பார்ப்பது என்னவோபோல் இருந்தது.

டாக்டர் கூர்மையான இரண்டு முனை உள்ள ஒரு கவராயத்தை எடுத்துக் கீழ் முன்பற்கள் நான்கையும் ஒவ்வொன்றாக அளந்தார். கூட்டினார். பிறகு பிளாஸ்டிக் உறை போட்ட ஓர் அட்டவணையில் விரலை ஓட்டிக்கொண்டு போய் ஓரிடத்தில் நிறுத்தினார்.

"இனிமே வரப்போறது ஒவ்வொரு பக்கமும் மூணு பல்லு. கோரைப்பல்லு, அதுக்குப் பின்னாடி ரெண்டு சின்ன கடவாய்ப்பல்லு. மூணும் சேர்ந்து இவ்ளோ அகலம் வரும். ஆனா இருக்கிற இடம் இவ்ளோதான்," என்று விரல்களைக் கொஞ்சம் விரித்தும் கொஞ்சம் சுருக்கியும் காட்டினார்.

"வராத பல்லு எவ்ளோ பெருசுன்னு எப்படி டாக்டர் தெரியும்?"

"முன்பல்லு பெருசா இருந்தா பின்னாடி வர்றதும் பெரும்பாலும் பெருசாத்தான் இருக்கும். நிறைய குழந்தைங்களை அளந்து பார்த்து இந்த டேபிள் போட்டிருக்காங்க."

"எந்த ஊர்க் குழந்தைங்க?"

டாக்டர் கொஞ்சம் தயங்கினார். "வெளிநாட்டுல. நம்ம குழந்தைங்களுக்குக் கொஞ்சம் முன்ன பின்ன வரும்."

"முன்னயா, பின்னயா?"

"ரெண்டும்தான்," என்றார்.

அங்கேயே எனக்கு ஏறிவிட்டது. அதோடு விட்டார்களா? கீழே நான்கு பல்லை அளந்துவிட்டு அதே அட்டவணையை வைத்து மேல்வரிசைக்கும் அளவு சொன்னார்கள். கீழ்வீட்டை அளந்து மேல்வீட்டுக்கு டைல்ஸ் கணக்குப் போடுகிறார்களே என்று நினைத்துக்கொண்டேன். அட்டவணையை என் பக்கம் திருப்பிப் பார்த்தேன். ஒரே அளவுக்கு நேராகப் பல வரிகள் இருந்தன. மேல் வரியைப் படித்தால் பல்லின் அகலம் அதிகம், கீழே இறங்க இறங்கக் குறைவு. நடுவில் ஒரு வரியைப் படித்தால் என் மகளின் பற்களுக்கு இடம் போதும். டாக்டர் விரல் வைத்த வரியைப் படித்தால் போதாது.

"ஏன் டாக்டர் இந்த வரி? இதுக்குக் கீழ இருக்கிறதைப் படிக்கக்கூடாதா?"

"இது சேஃப்பான வரி. பல்லு கொஞ்சம் பெருசா வந்துட்டாலும் மாட்டிக்காம இருக்கணும்னு கூடவே வச்சுக் கணக்குப் போடுவோம்."

இது எனக்கு உடனே புரிந்தது. எங்கள் கடையிலும் அப்படித்தான். தரையை அளந்துகொண்டு வருகிறவரிடம் உடைசலுக்கென்று கொஞ்சம் கூடவே வாங்கச் சொல்வோம். ஆனால் மிஞ்சினால் பிரிக்காத பெட்டியை நாங்கள் திருப்பி எடுத்துக்கொள்வோம். பிடுங்கிய பல்லை யார் திருப்பி எடுத்துக்கொள்வார்கள்? அதை அப்படியே கேட்டேன். டாக்டருக்குக் கோபம் வரவில்லை. அதுவும் எனக்கு எரிச்சலாக இருந்தது. நாம் சண்டைக்குப் போகும்போது எதிரில் இருப்பவர் பொறுமையாக இருந்தால் பாதி தோற்ற மாதிரிதான்.

அவர் திட்டத்தை விளக்கினார். முதலில் பால் கோரைப்பற்களை எடுப்பது. முன்பற்கள் கொஞ்சம் பரவி நேராகும். அப்புறம் இன்னும் சில பால் பற்கள். கடைசியில் கோரைப்பல்லுக்கு அடுத்து வரும் நிரந்தரச் சின்னக் கடைவாய்ப்பற்கள் நான்கை, மூலைக்கு ஒன்றாக, வர வர எடுத்துவிடுவது. இடம் கிடைத்துவிடும். எல்லாவற்றுக்கும் முன்னால் தலையைச் சுற்றி எடுக்கும் பெரிய எக்ஸ்ரே ஒன்று வேண்டும் என்று சீட்டு எழுதிக் கொடுத்தார்.

வண்டியில் வரும்போது என் முதுகில் சாய்ந்துகொண்டு மகள் கேட்டாள். "அம்மா, நன் ஹல்லு கீள்த்தாரா?" பயம் வந்தால் அவளுக்குக் கன்னடம்தான் வரும். என் பல்லைப் பிடுங்குவார்களா என்று கேட்கிறாள். நான் பதிலுக்கு ஹாரனை அடித்தேன். முன்னால் போன ஆட்டோக்காரர் திரும்பிப் பார்த்துத் திட்டினார்.

வீட்டுக்காரரிடம் சொன்னேன். சாப்பிட்டுக்கொண்டே கேட்டார்.

"மொளைக்காத பல்லு பெருசா இருக்குமுன்னு எப்புடிச் சொல்றாங்களாமா?"

"முன்பல்லை அளந்து சொல்றாங்க."

"நல்ல பல்லை எதுக்கு புள்ள புடுங்கோணும்? சாமி குடுத்ததை?"

டாக்டரிடம் நான் கேட்ட கேள்விதான் அது. ஆனால் அவர் வாயிலிருந்து வந்ததும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அச்சு எடுக்கவோ, பள்ளிக்கூடத்தில் லீவு சொல்லவோ, வாந்தியைத் துடைக்கவோ ஒரு நாள் கூட வராதவர் உட்கார்ந்த இடத்தில் கேள்வி மட்டும் கேட்கிறார். உடனே நான் டாக்டர் கட்சிக்கு மாறிவிட்டேன். வெளிநாடு, அட்டவணை, சேஃப்பான வரி, உடைசல் கணக்கு எல்லாவற்றையும் அடித்துவிட்டேன். அவர் குழம்பில் சோற்றைப் பிசைந்துகொண்டே, "அப்ப நீயே டாக்டராயிட்ட," என்றார்.

எக்ஸ்ரே எடுக்கும் இடத்தில் ஒரே கூட்டம். நெற்றியை ஒரு பட்டையில் வைத்து, பல்லால் ஒரு குச்சியைக் கடித்துக்கொண்டு அசையாமல் நிற்க வேண்டும், இயந்திரம் தலையைச் சுற்றி வரும். தலையில் கழுத்தில் உலோகம் எதுவும் இருக்கக்கூடாது என்று அங்கிருந்தவர் கன்னடத்தில் சொன்னார். கிளிப்பைக் கழற்றினேன். சங்கிலியைக் கழற்றினேன். வலது காதுத் தோடு திருகாணி இரண்டு சுற்றில் வந்துவிட்டது. இடது காதுத் தோடு அசையவில்லை.

திருகினேன். வேர்வையைத் துடைத்துவிட்டுத் திருகினேன். புடவைத் தலைப்பைச் சுற்றிப் பிடித்துத் திருகினேன். மகள், "நோயுத்தே, நோயுத்தே," என்று அழ ஆரம்பித்தாள். வலிக்கிறதாம். காது மடல் தக்காளி மாதிரி ஆகிவிட்டது. எக்ஸ்ரேக்காரர் ஒருமுறை முயற்சி செய்துவிட்டு, "பரல்ல மேடம்," என்று கையை விரித்தார். வராது என்பதை நான் ஏற்கெனவே கண்டுபிடித்திருந்தேன்.

வீட்டுக்காரருக்குப் போன் போட்டேன். பின்னால் கலவை இயந்திரம் ஓடும் சத்தம்.

"ஏனுங்க, பாப்பா தோட்டுத் திருகாணி வரவே மாட்டேங்குது."

அவர் இயந்திரத்தை விட்டுத் தள்ளி வந்து குரலைத் தாழ்த்தினார்.

"எந்தக் காதுது?"

"இடது காதுது. ஏன், உங்களுக்கு எதாவது தெரியுமா?"

"அது லூசா இருந்துச்சு புள்ள. ஸ்கூல் வேன்ல ஒருக்கா உளுந்து, நல்லவேளை கெடைச்சுது. அதான் கொஞ்சம் பசை வெச்சுட்டேன்."

"எந்தப் பசை?"

"செருப்பு ஒட்டறதுக்கு வாங்கி வெச்சிருந்தோமே, அது. ஒரு சொட்டுத்தான்."

அந்த எக்ஸ்ரே அறையில் இருந்த அத்தனை பேரும் திரும்பிப் பார்க்கும்படி கத்தினேன். அவர், "தொலைஞ்சு போயிருந்தா உங்கண்ணன் என்ன நெனைப்பாரு?" என்றார். அந்தத் தோடு மாதேஸ்வரன் மலையில் காது குத்தும்போது என் அண்ணன் அவளை மடியில் உட்கார வைத்துக்கொண்டு போட்டது. தாய்மாமன் சீர் தொலையக்கூடாதென்று அவருக்கு அவ்வளவு அக்கறை. மச்சானிடம் மரியாதை கெடக்கூடாது, குழந்தையின் காது என்ன ஆனாலும் பரவாயில்லை.

எக்ஸ்ரேக்காரருக்கு வரிசை நீண்டுகொண்டே போனது. "ஒந்தே அல்வா மேடம்," என்றார். ஒன்றுதானே, போகட்டும் என்று தோட்டோடு படம் எடுத்துவிட்டார். நானும் பேசாமல் வாங்கிக்கொண்டு வந்தேன்.

டாக்டர் அந்தப் படத்தைக் கணினியில் போட்டதும் முகத்தைச் சுளித்தார். எனக்கு முதலில் ஒன்றும் புரியவில்லை. மண்டையோடு முழுவதையும் தட்டையாக விரித்து வைத்த மாதிரி இருந்தது. முளைத்த பற்களுக்கு அடியில் முளைக்காத பற்கள் எலும்புக்குள் படுத்திருந்தன. இத்தனை நாள் பேசிக்கொண்டிருந்த அந்தக் காணாத பற்களை அப்போதுதான் முதன்முதலாகப் பார்த்தேன். ஒரு நிமிஷம் கோபம் மறந்துபோனது.

"இங்க பாருங்க," என்று டாக்டர் வலது பக்கம் மேலே காட்டினார். அங்கே வெள்ளையாக ஒரு கறை பரவியிருந்தது. "இது தோடு."

"தோடு இடது காதுல இல்ல இருக்கு?"

"மெஷின் தலையைச் சுத்தி வருதில்ல. இடது காதுல இருக்கிறது வலது பக்கத்துல மேல பொய்யா ஒரு நிழல் போடும். அந்த நிழல் கரெக்டா நமக்கு வேண்டிய இடத்துல விழுந்திருக்கு. மத்த மூணு மூலையிலயும் பல்லு தெரியுது. இந்த மூலைல ரெண்டாவது சின்ன கடவாய்ப்பல்லு தெரியல."

"மூணு பக்கம் இருந்தா நாலாவது பக்கமும் இருக்கும்தானே?"

"பொதுவா இருக்கும். ஆனா பார்க்காம நான் கை வைக்க மாட்டேன்."

"சரி, இந்தப் படத்துல தெரியற பல்லையாவது அளந்துடலாமே. அப்புறம் அந்த டேபிள் எதுக்கு?"

"இந்தப் பெரிய படத்துல அளவு சரியா வராது. இழுத்துக் காட்டும். பல்லு இருக்கா, எப்படிப் படுத்திருக்குன்னுதான் இதுல பார்க்கணும்."

படம் அளவு சொல்லாதாம். அட்டவணை படம் பார்க்காதாம். இரண்டுக்கும் நடுவில் நாங்கள் அல்லாட வேண்டுமாம். எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம்போல் இருந்தது.

வாய்க்குள் வைத்து எடுக்கும் சின்னப் படம் இருக்கிறது, அதில் அளவும் ஓரளவு சரியாகத் தெரியும் என்று டாக்டர் அதையும் முயன்றார். கீழ்ப் பக்கங்களுக்கு மகள் கண்ணீரோடு ஒத்துழைத்தாள். மேலே உள்ளே வைத்ததும் குமட்டல் வந்துவிட்டது. மறுபடியும் வைத்தார்கள், மறுபடியும் குமட்டல். அன்றைக்கு டாக்டர் முன்கூட்டியே பிளாஸ்டிக் உடுப்பு போட்டிருந்தார். "தோட்டைக் கழட்டிட்டுப் பெரிய படமே இன்னொரு தடவை எடுத்துடலாம்," என்றார்.

கழற்றுவதுதானே பிரச்சினை. பக்கத்து வீட்டில் நகப்பூச்சு அழிக்கும் தண்ணீர் வாங்கிப் பஞ்சில் தொட்டு வைத்தேன். காது சிவந்ததுதான் மிச்சம். வெட்டிவிடலாம் என்றேன். வீட்டுக்காரர் அதற்கும் ஒரு முட்டுக்கட்டை வைத்திருந்தார்.

"தாய்மாமன் போட்டது புள்ள. அவரைக் கேக்காம வெட்டக்கூடாது."

"நீங்க பசை ஊத்தும்போது கேட்டீங்களா?"

"அது வேற. இது வேற."

அண்ணன் லாரி ஓட்டுகிறவன், மேட்டூர்ப் பக்கம் இருக்கிறான். போன் போட்டால் தொடர்பு எல்லைக்கு வெளியே. பாலாறு சோதனைச் சாவடி தாண்டிக் காட்டுக்குள் ஏறிவிட்டால் மாதேஸ்வரன் மலைக்கு வரும்வரை டவர் கிடையாது. அன்றைக்குப் பார்த்து அவன் இந்தப் பக்கம் லோடு ஏற்றி வந்த வண்டி அந்தக் காட்டு வழியில் நின்றுவிட்டதாம். கடையில் பில் போட்டுக்கொண்டே திரும்பத் திரும்ப அழைத்தேன். ஒரு வாடிக்கையாளருக்குக் குளியலறை டைல்ஸுக்குப் பதில் மாடித்தரை டைல்ஸ் பில் போட்டு முதலாளியிடம் திட்டு வாங்கினேன். டாக்டர் நாள் கொடுத்தால் கடையில் லீவு கிடைக்கவில்லை, லீவு கிடைத்தால் மகளுக்குப் பரீட்சை, எல்லாம் கூடி வந்தால் ஒரு பொட்டுத் தங்கம் காதைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

சாயங்காலம் அண்ணனே கூப்பிட்டான். விஷயத்தைக் கேட்டுவிட்டு விடாமல் சிரித்தான். "ஏம்மா, இதுக்கா இத்தனை போனு? வெட்டித் தள்ளு. மாப்பிள்ளைகிட்ட சொல்லு, அடுத்த தடவை பசையோட சேர்த்தே செஞ்சு போடறேன்னு." இதை நான் வரி பிசகாமல் வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் டிவி சத்தத்தைக் கூட்டினார்.

எங்கள் கடைக்குப் பின் சந்தில் ஒரு நகை ஆசாரி இருக்கிறார். பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்துவிட்டு, "யாரும்மா இது, தங்கத்துக்குச் செருப்புப் பசை போட்டது?" என்று கேட்டார். மகள் சத்தமாக, "அப்பா!" என்றாள். அவ்வளவு நாளில் அவள் சிரித்தது அப்போதுதான். ஆசாரி காதுக்குப் பின்னால் ஒரு துண்டுத் தோலை வைத்து, சின்னக் கத்திரியால் தண்டை வெட்டி எடுத்தார். அவள் என் விரலை நெரித்துக்கொண்டிருந்தாள். வேப்பங்குச்சி ஒன்றை அவள் காதுத் துளையில் செருகிவிட்டு நேரே எக்ஸ்ரேக்குப் போனோம்.

இந்த முறை படம் பளிங்கு மாதிரி வந்தது. டாக்டர் அதைத் திறந்ததும் வலது மேல் மூலையைப் பெரிதாக்கினார். இன்னும் பெரிதாக்கினார். இடது மூலையைப் பார்த்தார், மறுபடி வலது மூலைக்கு வந்தார்.

"என்ன டாக்டர்?"

"இங்க பல்லு இல்லீங்க."

"லேட்டா வருமா?"

"இந்த வயசுல உள்ள நிழலாவது தெரியணும். மத்த பக்கம் தெரியுது பாருங்க. இங்க பால் பல்லுக்கு மேல வெறும் எலும்புதான். இந்தப் பல்லு உருவாகவே இல்லை. இனிமே வராது."

நான் அந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். வெள்ளைக் கறை இருந்த இடத்தில் இப்போது ஒன்றுமே இல்லை. மகள் நாற்காலியில் உட்கார்ந்து டாக்டரின் பொம்மைப் பல்வரிசையைத் திறந்து மூடிக்கொண்டிருந்தாள்.

"அப்ப அன்னைக்கு மூணு பல்லோட அகலம்னு சொன்னீங்களே. அதுல இதுவும் சேர்த்தியா?"

"ஆமா."

"இல்லாத பல்லுக்கு எப்படி அளவு சொல்லிச்சு உங்க டேபிள்?"

"அதுக்குப் பல்லு இருக்கா இல்லையான்னு தெரியாதுங்க. இருக்குன்னு வச்சுக்கிட்டுத்தான் சொல்லும். அதனாலதான் படம் பார்க்காம எதையும் தொடக்கூடாதுன்னு சொன்னேன்." பிறகு அவரே சொன்னார். "இது தெரியாம அந்தப் பக்கம் முன்னாடி இருக்கிற நல்ல பல்லை எடுத்திருந்தா, அங்க ரெண்டு பல்லு இல்லாம போயிருக்கும்."

எனக்குக் கோபம் ஏறியது. ஆனால் யார்மேல் கோபப்படுவது? டாக்டர் அவசரப்படவில்லை. எக்ஸ்ரேக்காரர் வரிசையைப் பார்த்தார். வீட்டுக்காரர் ஒரு சொட்டுப் பசை வைத்தார். அட்டவணை கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொன்னது. எல்லோரும் அவரவர் வேலையைச் செய்திருக்கிறார்கள், என் மகளுக்கு ஒரு பல் இல்லை. கோபத்தைக் கொண்டுபோய் இறக்கி வைக்க ஓர் ஆள் இல்லாமல் போனதுதான் தாங்க முடியாத கோபமாக இருந்தது.

டாக்டர் புதிதாகத் திட்டம் போட்டார். கீழே சின்னப் படங்களில் அளந்தபோது பற்கள் அந்தச் சேஃப்பான வரியைவிடச் சிறியவையாகத்தான் இருந்தனவாம். பால் பற்கள் விழும்போது கிடைக்கும் இடத்தை விட்டுவிடாமல் உள்பக்கம் ஒரு கம்பி வைத்துப் பிடித்துக்கொண்டால் எல்லாப் பற்களும் எப்படியோ அடங்கிவிடும். நான்கு நல்ல பற்களையும் இப்போதைக்குத் தொட வேண்டாம். மேலே வலது மூலையில் இருக்கும் அந்தப் பால் பல்லை மட்டும் பொத்திப் பாதுகாக்க வேண்டும். அதற்குப் பின்னால் வர ஆள் இல்லை.

"இதைப் பாருங்க," என்று மகளின் வாயைத் திறந்து கண்ணாடியில் காட்டினார். அகலமாக, குட்டையாக, தட்டையாக ஒரு பல். "இதுல சொத்தை வரக்கூடாது. ஆட்டக்கூடாது."

"எவ்ளோ நாள் நிக்கும் டாக்டர்?"

"சொல்ல முடியாதுங்க. சிலருக்குச் சீக்கிரம் விழுந்துடும். சிலருக்கு ரொம்ப வருஷம் நிக்கும்."

"அதுக்கு டேபிள் இல்லையா?" என்று கேட்டேன். குத்தலாகத்தான் கேட்டேன். டாக்டர் சிரித்துவிட்டார். "இல்லை," என்றார். பிறகு, "உங்க குடும்பத்துல யாருக்காவது இப்படிப் பல்லு வராம இருக்கா? இது பெரும்பாலும் குடும்பத்துல வரும்," என்று கேட்டார். எங்கள் பக்கம் யாருக்கும் இல்லை, வீட்டுக்காரர் பக்கம் எல்லாருக்கும் பல் கல்லு மாதிரி என்று பட்டென்று சொல்லிவிட்டு வந்தேன்.

மகளுக்கு வழியில்தான் விஷயம் முழுவதும் புரிந்தது. பிடுங்க மாட்டார்கள் என்றதும் முதலில் சந்தோஷப்பட்டாள். கொஞ்ச தூரம் போனதும், "எல்லாருக்கும் வர்ற பல்லு எனக்கு மட்டும் ஏன் வரலை?" என்று கேட்டாள். அந்தக் கேள்விக்கு ஹாரன் அடிக்கவும் எனக்குத் தெம்பில்லை. "தெரியலைடி," என்றேன். வீடு வந்து சேரும்வரை அவள் நாக்கு அந்த மூலையிலேயே இருந்தது.

வீட்டுக்காரர் கூடத்தில் உட்கார்ந்து ஒரு தட்டு கோடுபளெயைக் கடக்முடக்கென்று தின்றுகொண்டிருந்தார். இந்த ஊரில் விற்கிற தின்பண்டங்களிலேயே கெட்டியானது அதுதான், அவருக்கு அதுதான் பிடிக்கும்.

"என்ன சொன்னாங்க? புடுங்கறதா, இல்லையா?"

"புடுங்கலை. ஒரு பல்லு இல்லவே இல்லையாம்."

"இல்லைன்னா? ஆரு புடுங்குனது?"

விளக்கினேன். அவர் மென்றுகொண்டே கேட்டார். பால் பல் விழாமல் நிற்க வேண்டும், அதற்குப் பின்னால் பல் கிடையாது, குடும்பத்தில் யாருக்காவது இருக்கும் என்று டாக்டர் சொன்னார் என்றேன். அவர் மெல்லுவதை நிறுத்தினார். நாக்கால் கன்னத்தை உள்ளிருந்து துழாவினார்.

"எனக்கு இங்க ஒரு பல்லு குட்டையாத்தான் இருக்கும். சின்னதுலருந்தே. வளராம நின்னுபோச்சுன்னு நெனைச்சேன்."

"வாயைத் திறங்க," என்றேன்.

"தின்னுட்டு இருக்கேன்ல."

"திறங்கன்றேன்ல!"

மகள் செல்போன் விளக்கை அடித்துப் பிடித்தாள். மேலே, வலது பக்கம், பெரிய பற்களுக்கு நடுவில் அது நின்றது. அகலமாக, குட்டையாக, தேய்ந்து மொழுக்கென்று, காவியேறி. அன்றைக்குக் காலையில் டாக்டர் கண்ணாடியில் காட்டிய அதே பல், அதே மூலையில். மகள் முதலில் கத்தினாள். "அப்பாவுக்கும் பால் பல்லு!" படம் எடுத்து டாக்டருக்கு அனுப்பினேன். பார்த்தால் அப்படித்தான் தெரிகிறது, ஆளைக் கூட்டிக்கொண்டு வாருங்கள் என்று உடனே பதில் வந்தது.

அச்சு, கவராயம், அட்டவணை, இரண்டு எக்ஸ்ரே, அண்ணன், ஆசாரி. இத்தனையும் சுற்றி வந்தபோது இந்த வாய் தினமும் என் எதிரில் உட்கார்ந்து நான் போட்ட சோற்றைத் தின்றுகொண்டிருந்தது. அந்த வாயோடு நான் போட்ட சண்டைக்குக் கணக்கில்லை. ஒருநாள் கூட உள்ளே பார்த்ததில்லை. எனக்கு ஆத்திரமாக வந்தது. ஆனால் திட்ட வாயைத் திறந்தபோது அழுகைதான் வந்தது. நாற்பதை நெருங்கும் மனிதனின் வாயில், கரும்பும் கோடுபளெயும் கடித்துக்கடித்தும், ஒரு பால் பல் இன்னும் நிற்கிறது.

மகள் ஒரு கையால் தன் கன்னத்தையும் இன்னொரு கையால் அவர் கன்னத்தையும் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள். எல்லாருக்கும் வருவது தனக்கு மட்டும் வரவில்லை என்ற பேச்சு அதற்குப் பிறகு அவள் வாயிலிருந்து வரவேயில்லை. அவர் ஒன்றும் நடக்காததுபோல அடுத்த கோடுபளெயை எடுத்து வலது பக்கம் வைத்தார்.

"அந்தப் பக்கம் கடிக்காதீங்க!" என்று அலறித் தட்டைப் பிடுங்கிக்கொண்டேன்.